சரக்கு வண்டியில் விளக்கு, கேமரா, சார்ஜர்: மின் இணைப்பை எங்கிருந்து எடுப்பது?



வரி, லைசென்ஸ், எடைக்கல் முத்திரை என்று எழுத வேண்டிய விஷயங்கள் எவ்வளவோ இருக்க, மளிகை மொத்த வியாபாரிக்கு வண்டி வயரிங் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று நம்மில் பெரும்பாலோரிடம் ஒரு குட்டி யானையாவது, லோடு ஆட்டோவாவது இருக்கிறது. அதில் கம்பெனி கொடுத்தது போக, நாம் போட்டுக்கொண்டது எத்தனை! டிரைவருக்குப் போன் சார்ஜர், சின்ன ஃபேன், கூண்டுக்குள் விளக்கு, முன் கண்ணாடியில் கேமரா, வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். பெட்டி. இவை எல்லாம் எந்த வயரிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

ஓர் ஆடி மாதத் திங்கட்கிழமை

சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதம். கோயில் கொடை நடக்கும் காலம். கற்பூரமும் எண்ணெயும் கேட்ட அளவுக்குக் கொடுக்க முடியாத நேரம். எங்கள் மண்டியில் சனிக்கிழமை இரவே கூண்டு கட்டிய குட்டி யானையில் லோடு ஏற்றி, கடையை ஒட்டி நிறுத்திவிட்டோம். திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்கு உசிலம்பட்டி லைன் புறப்பட வேண்டும்.

கூண்டுக்குள் இருட்டாக இருக்கிறது என்று அதற்கு முந்திய வாரம்தான் 15 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று போட்டிருந்தோம். உதிரிச் சாமான் கடையிலிருந்து வந்த பையன் அரை மணி நேரத்தில் வேலையை முடித்து, 350 ரூபாய் வாங்கிப் போனான். விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. சனிக்கிழமை இரவு லோடு ஏற்றியவர்கள் அதை அணைக்க மறந்து கூண்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே யாருக்குத் தெரியப் போகிறது?

திங்கட்கிழமை 4 மணிக்கு டிரைவர் கதவைத் தட்டினார். “அண்ணாச்சி, செல்ஃப் எடுக்கல. டொக்கு டொக்குன்னு சத்தம் மட்டும்தான் வருது.”

தள்ளிப் பார்க்க முடியாத அளவுக்கு லோடு. எலக்ட்ரீசியன் கடை திறக்க 9 மணி ஆயிற்று. அதற்குள் லைனில் இருந்த கடைக்காரர்கள் பலர் வேறு வண்டியில் சரக்கு எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கொடைக்கு வந்தவன் கற்பூரத்துக்காகக் காத்திருப்பானா?

வந்த எலக்ட்ரீசியன் வயதானவர். பேட்டரியை மாற்றச் சொல்வார் என்று நினைத்தோம். அவர் டார்ச் அடித்து அந்தப் புது வயரைப் பிடித்துக்கொண்டே கூண்டு வரை போனார். திரும்பி வந்து, “அண்ணாச்சி, பேட்டரி இறங்கினது உங்க நல்ல நேரம்” என்றார்.

எங்களை அழைத்துக் காட்டினார். வயர் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து நேரே வந்திருந்தது. நடுவில் பியூஸ் இல்லை. கூண்டின் தகரத்தில் ஓட்டை போட்டு அதன் வழியே நுழைத்திருந்தான். ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. ஒரு வார ஓட்டத்தின் அதிர்வில் தகர விளிம்பு வயரின் தோலை அறுத்து, செம்பு பளிச்சென்று தெரிந்தது. விளக்கின் சுவிட்ச் விளக்குப் பக்கத்திலேயே இருந்ததால், விளக்கை அணைத்தாலும் அந்த வயரில் இரவும் பகலும் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். இன்னும் கொஞ்சம் அறுந்து செம்பு தகரத்தைத் தொட்டிருந்தால் அவ்வளவுதான். சார்ஜ் உள்ள பேட்டரி ஷார்ட் ஆகும்போது ஒரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளும். அந்த மெல்லிய வயர் அடுப்புக் கம்பி போலச் சிவந்துவிடும்.

கூண்டுக்குள் இருந்தவை கற்பூரப் பெட்டிகள், தீப்பெட்டிப் பண்டல்கள், எண்ணெய் டின்கள். மேலே மாடியில் கடைப் பையன்கள் நான்கு பேர் படுத்திருந்தார்கள். அன்றைய லைன் போன நஷ்டத்தை நாங்கள் மறந்துவிட்டோம். இதை மறக்க முடியவில்லை.

டைரக்ட் லைன், சாவி லைன்

அந்தப் பெரியவரிடமும், பிறகு அனுபவத்திலும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம். வண்டியில் மின்சாரம் இரண்டு விதமாகக் கிடைக்கிறது.

ஒன்று டைரக்ட் லைன். சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் உயிரோடு இருக்கும். ஹாரன் பல வண்டிகளில், அபாய விளக்கு, கடிகாரம் ஆகியவை இதில்தான் இருக்கும்.

மற்றொன்று சாவி லைன். சாவியைத் திருப்பினால்தான் வரும், எடுத்தால் போய்விடும். சாவித் துவாரத்தைச் சுற்றி லாக், ஏ.சி.சி., ஆன், ஸ்டார்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏ.சி.சி. நிலையில் ரேடியோ, சார்ஜர் சாக்கெட் போன்ற துணைச் சாமான்களுக்கு மட்டும் மின்சாரம் வரும். ஆன் நிலையில் எஞ்சினுக்கு வேண்டியதும் சேர்ந்து வரும். ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளில், செல்ஃப் மோட்டாருக்கு முழு பலமும் கிடைக்கட்டும் என்று ஏ.சி.சி. துண்டிக்கப்படும். அதனால்தான் ஸ்டார்ட் செய்யும்போது ரேடியோ நின்று மறுபடி பாடுகிறது. அது பழுது அல்ல. எல்லா வண்டியிலும் ஏ.சி.சி. நிலை இருக்காது, இல்லாவிட்டால் ஆன் லைனே சாவி லைன்.

நாமாகப் போடும் சாமான்களுக்குப் பொது விதி இதுதான்: சாவி லைனில் போடு. டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு போனால், கடையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கியது போல எல்லாம் அணைந்துவிட வேண்டும். மனிதனின் ஞாபகத்தை நம்பி விளக்கு போடக் கூடாது.

எங்கள் விளக்கின் கணக்கைப் பாருங்கள். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 15 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 1.25 ஆம்பியர். சனிக்கிழமை இரவு 9 மணி முதல் திங்கட்கிழமை காலை 4 மணி வரை 31 மணி நேரம். பெருக்கினால் 38.75 ஆம்பியர் மணி. பேட்டரியில் எழுதியிருந்ததோ 35. கல்லாவில் இருப்பதைவிட அதிகமாகச் செலவு செய்தால் கடை எப்படி நடக்கும்? போதாததற்கு, ஈயப் பேட்டரியை இப்படி அடிவரை காலி செய்தால் அதன் ஆயுளும் குறைந்துவிடும்.

விதிவிலக்கு உண்டு. இரவிலும் வேலை செய்ய வேண்டிய ஜி.பி.எஸ்., வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கும் கேமரா ஆகியவற்றுக்கு டைரக்ட் லைனும் வேண்டும், சாவி லைனும் வேண்டும். கேமராவுக்கென்று விற்கும் இணைப்புப் பெட்டியில் மூன்று வயர்கள் இருக்கும். பெரும்பாலும் மஞ்சள் டைரக்ட், சிவப்பு சாவி லைன், கறுப்பு எர்த். ஆனாலும் நிறத்தை நம்பாமல் கூட வந்த காகிதத்தைப் பார்க்க வேண்டும். பேட்டரி வோல்ட் குறைந்தால் தானே அணைந்துகொள்ளும் வசதி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். நல்ல பேட்டரி, எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12 என்று காட்டினால் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று பொருள்.

எங்கே எடுப்பது?

கண்ணில் பட்ட வயரைக் கத்தியால் சீவி, அதில் முறுக்கி, டேப் சுற்றுவதுதான் அவசர வேலைக்காரர்களின் வழக்கம். வெயிலில் டேப் பசை இளகும், ஜாயிண்ட் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். சரியான இடம் பியூஸ் பெட்டி. அதன் மூடியிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ எந்தப் பியூஸ் எதற்கு என்று படம் இருக்கும்.

எது சாவி லைன் என்று கண்டுபிடிப்பது கடினம் அல்ல. மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, கறுப்பு முனையை வண்டியின் வெறும் இரும்பிலும், சிவப்பு முனையைப் பியூஸ் தலையில் தெரியும் உலோகப் புள்ளியிலும் வைக்க வேண்டும். சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் காட்டினால் டைரக்ட். சாவி போட்டால் மட்டும் காட்டினால் சாவி லைன். புது வண்டிகளில் சில லைன்கள் சாவி எடுத்த பிறகும் சில நிமிடங்கள் உயிரோடு இருக்கும். ஆகவே கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடுவது நல்லது.

அந்தப் பியூஸ் இருந்த இடத்தில் செருகுவதற்கென்றே பியூஸ் டேப் என்ற சிறு சாமான் விற்கிறது. பழைய பியூஸுக்கு ஓர் அறை, நமது புதுச் சாமானின் பியூஸுக்கு ஓர் அறை என்று இரண்டு அறைகள் அதில் உண்டு. ஒரு வயரையும் வெட்ட வேண்டாம். பியூஸ்களில் அளவு வேறுபாடு உண்டு. பழைய பியூஸைக் கையில் கொண்டுபோய் அதே அளவில் வாங்க வேண்டும். இதைச் செருகுவதற்குப் பக்கம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பழைய பியூஸை எடுத்த பின், இரண்டு துவாரங்களில் எதில் 12 வோல்ட் வருகிறதோ அதுவே வரும் பக்கம். டேப்பில் இரண்டு பியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். மாறிச் செருகினால் புதுச் சாமானின் சுமையும் பழைய பியூஸின் தலையில் ஏறும்.

எந்தப் பியூஸில் கை வைக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியம். ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக், எஞ்சின் கம்ப்யூட்டர், டீசல் அல்லது பெட்ரோல் பம்ப் ஆகியவற்றின் லைன்களைத் தொடவே கூடாது. ஏர்பேக் வயர்களும் சொருகிகளும் பொதுவாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். அங்கே பல்பு வைத்த டெஸ்ட் லாம்பால் குத்திப் பார்ப்பது பெரிய ஆபத்து. ரேடியோ, சார்ஜர் சாக்கெட் போன்ற உயிர்போகாத லைன்களே நமக்குப் போதும்.

பியூஸ் என்பது கடன் வரம்பு

நமக்குப் புரியும் மொழியில் சொன்னால், பியூஸ் என்பது வயருக்கு நாம் போடும் கடன் வரம்பு. ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு 50,000 ரூபாய் வரைதான் தாங்கும் என்றால், அவர் கேட்கிறார் என்பதற்காக 2 லட்சத்துக்குச் சரக்கு அனுப்புவோமா? வரம்பைத் தாண்டினால் பில்லை நிறுத்துகிறோம். பியூஸும் அதையேதான் செய்கிறது. அது காப்பது சாமானை அல்ல, வயரை. வயர் எவ்வளவு தாங்குமோ அதற்குள் பியூஸ் இருக்க வேண்டும்.

பியூஸ் போகிறது என்று பெரிய பியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவதும், வசூலாகாத கணக்குக்கு வரம்பைக் கூட்டிக் கொடுப்பது போலத்தான். பியூஸ் போனால் அது ஒரு செய்தி சொல்கிறது. காரணத்தைப் பார்க்க வேண்டும்.

நிறத்தை வைத்தே பியூஸின் அளவைச் சொல்லலாம். ஊதா 3 ஆம்பியர், வெளிர் பழுப்பு 5, அடர் பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எங்கள் 15 வாட் விளக்குக்கு 3 ஆம்பியர் போதும். 36 வாட் போன் சார்ஜர் 3 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 5 போடலாம்.

வயர் பல இழை உள்ளதாக இருக்க வேண்டும். ஒற்றைக் கம்பி வண்டியின் அதிர்வில் ஒடிந்துவிடும். சார்ஜர், சிறு விளக்குகளுக்கு 1 சதுர மில்லிமீட்டர் வயரும் 5 ஆம்பியர் பியூஸும் தாராளம். 10 ஆம்பியர் பியூஸ் போட வேண்டிய சுமைக்கு 1.5, 15 ஆம்பியருக்கு 2.5 என்று நாங்கள் வைத்துக்கொண்டிருக்கிறோம். கூண்டின் பின்புறம் வரை நீண்ட தூரம் போனால் ஒரு படி கூடவே போடலாம்.

பியூஸ் எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. மின்சாரம் புறப்படும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்குப் பக்கத்தில் பியூஸ் வைத்தால் அதற்கு முன்னால் உள்ள பத்தடி வயருக்குக் காவல் ஏது? கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கல்லாவைப் பூட்டுவது போன்றதுதான் அது.

அதிகச் சுமைக்கு ரிலே

55 வாட் மூடுபனி விளக்கு இரண்டு போட்டால் 110 வாட். 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைச் சாவி லைனில் நேராகப் போட்டால் சாவி சுவிட்சின் உட்புறம் கருகிவிடும். இங்கேதான் ரிலே வேண்டும். ரிலே என்பது கணக்குப்பிள்ளை போல. முதலாளி கண்ணசைத்தால் போதும், மூடையைத் தூக்குவது வேறு ஆள். சாவி லைன் ஒரு சிறு மின்சாரத்தால் ரிலேவை இயக்கும். கனமான மின்சாரம் பேட்டரியிலிருந்து தனிப் பியூஸ் வழியாக நேரே விளக்குக்குப் போகும். சாவியை எடுத்தால் ரிலே விழுந்துவிடும், விளக்கும் அணையும்.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 86-க்குச் சுவிட்ச் வழியாகச் சாவி லைன், 85-க்கு எர்த், 30-க்குப் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் வயர், 87-லிருந்து சாமானுக்கு. இந்த நான்கு எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால், வேலை செய்பவரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம்.

மறக்கக் கூடாத சில

எர்த் வயரைப் பெயிண்ட் மேல் வைத்து முறுக்கக் கூடாது. பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில், லக் வைத்து போல்ட்டால் இறுக்க வேண்டும். விளக்கு மினுக்குவதற்கும் சாமான் விட்டுவிட்டு வேலை செய்வதற்கும் பல நேரங்களில் எர்த் சரியில்லாததுதான் காரணம்.

தகரத்தில் வயர் நுழையும் ஒவ்வோர் ஓட்டைக்கும் ரப்பர் வளையம் வேண்டும். விலை சில ரூபாய்தான். எங்கள் கதையில் இல்லாமல் போனது அதுதான்.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும்.

பெரிய லாரி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அவற்றில் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சேர்த்து 24 வோல்ட் இருக்கும். 12 வோல்ட் சாமானை நேரே மாட்டினால் கருகும். ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதும் தவறு. இரண்டும் சமமாகச் சார்ஜ் ஆகாமல் சீக்கிரம் கெட்டுவிடும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட வேண்டும்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டியின் கம்பெனி விலையில் சேராத மின் சாமான்களைத் தனியாக மதிப்புப் போட்டு பாலிசியில் சேர்த்தால்தான் அவற்றுக்கு ஈடு கிடைக்கும். வண்டிப் பாலிசி உள்ளே இருக்கும் சரக்குக்குப் பொருந்தாது. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும். வயரிங் வேலைக்கு ரசீது வாங்கி வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள்.

நாம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

நாமே ஸ்க்ரூ டிரைவர் எடுத்து இறங்க வேண்டும் என்று சொல்லவில்லை. வேலை முடிந்ததும் காசு கொடுக்குமுன் இந்த ஐந்தையும் கேட்டால் போதும்:

1. இது டைரக்ட் லைனா, சாவி லைனா?
2. பியூஸ் எங்கே இருக்கிறது, எத்தனை ஆம்பியர்?
3. வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர்?
4. தகரத்தில் நுழையும் இடத்தில் ரப்பர் இருக்கிறதா?
5. எர்த் எங்கே கொடுத்திருக்கிறீர்கள்?

ஐந்துக்கும் கையால் தொட்டுக் காட்டிப் பதில் சொல்பவரே வேலை தெரிந்தவர். பிறகு சாவியை நம் கையில் வாங்கி, எல்லாம் அணைகிறதா என்று நாமே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எங்கள் இரண்டு வண்டிகளையும் அந்தப் பெரியவரே முதலிலிருந்து மாற்றிக் கொடுத்தார். 350 ரூபாயில் முடிந்த வேலைக்கு அவர் 1,800 ரூபாய் வாங்கினார். பேரம் பேசுவது நமது தொழில். அன்று மட்டும் நாங்கள் பேரம் பேசவில்லை.

இப்போதும் சனிக்கிழமை இரவு லோடு ஏற்றிய வண்டி கடையை ஒட்டித்தான் நிற்கிறது. மாடியில் பையன்கள் படுத்திருக்கிறார்கள். சாவி கல்லாவில் இருக்கிறது. கூண்டு வயரில் மின்சாரம் இல்லை. உங்கள் வண்டியிலும் அப்படித்தானா என்று இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.